போவன்பள்ளிச் சந்தையின் வயிறு

நசுங்கிய தக்காளி ஒன்றைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் வழிந்தது போக உள்ளங்கையில் தோலும் கொஞ்சம் விதையும்தான் மிஞ்சும். 100 கிராம் தக்காளியில் 94 கிராம் தண்ணீர். முட்டைக்கோஸும் ஏறக்குறைய அப்படித்தான். ஆகவே, சந்தையிலிருந்து குப்பைமேட்டுக்குப் போகும் லாரி, பெயருக்குத்தான் குப்பை லாரி. உண்மையில் அது சுமப்பது கழிவுநீர். அதை எரிக்கவும் முடியாது. கொட்டினாலோ கருப்பு நீராகக் கசிந்து நிலத்தடி நீரில் கலக்கும்.

செகந்திராபாத் பக்கம் போவன்பள்ளியில் உள்ள மொத்தக் காய்கறிச் சந்தை இதற்கு ஒரு வழி கண்டது. விற்காமல் வீணாகும் காய்கறி நாளுக்குச் சுமார் 10 டன். அதிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரமும் 30 கிலோ எரிபொருளும் எடுக்கலாம் என்று காட்டிவிட்டார்கள். மின்சாரம் சந்தையின் விளக்குகளுக்கு, எரிவாயு கேன்டீன் அடுப்புக்கு. 2021 ஜனவரி 31 அன்று பிரதமர் தம் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இதைக் குறிப்பிட்டதும் ஊரெங்கும் தெரிந்தது. தொழில்நுட்பம், ஹைதராபாத்திலேயே உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்துடையது.

காய்கறியை நறுக்கி, கூழாக அரைத்து, காற்றுப் புகாத கலனுக்குள் விடுகிறார்கள். மற்றதெல்லாம் நுண்ணுயிர்களின் வேலை. ஒரு கூட்டம் கூழைச் சிதைத்து அமிலமாக்கும்; இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் என்னும் எரிவாயுவை வெளியிடும். மாட்டின் இரைப்பையிலும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அதனால்தான் இத்தகைய கலன்களைத் தொடங்கும்போது, பாலுக்கு உறை ஊற்றுவதுபோலச் சாணக் கரைசலை ஊற்றுவது வழக்கம். இந்நிறுவனத்தின் கலனில், உண்டாகும் வாயுவையே கூழுக்குள் திரும்பச் செலுத்துகிறார்கள். அது குமிழியிட்டு மேலேறும்போது கூழ் கலங்கிக்கொள்கிறது.

சிக்கல் எங்கே என்றால், அமிலக் கூட்டம் விரைவாகப் பெருகும். மீத்தேன் கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். ஒரேயடியாகக் கூழைக் கொட்டினால் அமிலம் ஏறி, மீத்தேன் கூட்டம் முடங்கிப்போகும். கலன் புளித்துவிட்டால் மீட்க வாரக்கணக்கில் ஆகும். எந்திரம் வாங்குவதைவிட, வேளை தவறாமல் அளவோடு தீனி போட ஓர் ஆள் இருப்பதே முக்கியம் என்பேன். பிளாஸ்டிக் பையும் சணல் கயிறும் உள்ளே போகாமல் பொறுக்குகிறவர்கள் இல்லையென்றால் எந்தக் கலனும் ஓடாது. அவர்களுக்குக் கையுறையும் நியாயமான கூலியும் கொடுத்தாக வேண்டும்.

கிராமத்துக்கு இவ்வளவு பெரிய ஆலை வேண்டாம். நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டில் சாண எரிவாயுக் கலனே போதும். வீணான காய்கறியை நறுக்கி அதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். வெளியே வரும் கரைசல் வயலுக்கு உரம். ஆனால் குளித்த நீரையும் துணி துவைத்த சோப்பு நீரையும் இதில் விடக் கூடாது, மீத்தேன் கூட்டத்துக்கு ஆகாது. அந்த நீருக்குக் கொல்லையில் கல் நிரப்பிய உறிஞ்சுகுழி ஒன்று, பக்கத்தில் நாலு வாழை.