கல்மரத்தின் காலமும் வானொலியின் காலமும்

வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் வானியலாளர்களுக்கும் பறக்கும் தட்டுகளுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் தேடுவது மிகக் குறுகிய ஒரு ரேடியோ அலையை. விண்மீன்களும் வாயு மேகங்களும் உமிழும் அலைகள் பல அலைவெண்களில் பரவிக் கிடக்கும். ஓரிரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கும் அலை வந்தால், அனுப்பியது ஒரு கருவி என்று சந்தேகிக்கலாம். அனுப்பும் கோளும் பூமியும் சுழல்வதால் அதன் அலைவெண் மெல்ல நகரவும் வேண்டும். 1960இல் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் ஃபிராங்க் டிரேக் இரண்டு விண்மீன்களை நோக்கி முதலில் காதுகொடுத்தார்.

அத்தகைய அலை எப்படியிருக்கும் என்பதை இந்தியத் தொலைநோக்கி ஒன்று கேட்டிருக்கிறது. உதகை முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970இல் அமைத்த கோவிந்த் ஸ்வரூப், பின்னர் புனே அருகே ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கினார். 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள்; திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரை என்று சொல்லத்தக்க சுமார் 25 கிலோமீட்டர் பரப்பில் விரிந்தவை. 2016 அக்டோபர் 19 அன்று செவ்வாயில் இறங்கிய ஐரோப்பியக் கலமான ஸ்கியாபரெல்லியின் மெல்லிய குரல், பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பயணித்து இந்தக் கிண்ணங்களில் விழுந்தது. தரை தொடும் முன்பே குரல் அறுந்தது. கலம் மோதி நொறுங்கியிருந்தது.

அனுப்பியவர் யாரெனத் தெரியாதபோதுதான் சிக்கல். 1977இல் ஓஹையோவில் 72 விநாடிகள் பதிவான 'வாவ்' அலை மறுபடி வரவேயில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைப் பல ஆண்டுகள் குழப்பிய துடிப்புகளுக்குக் காரணம், ஓடும்போதே கதவு திறக்கப்பட்ட மைக்ரோவேவ் அடுப்பு என்று 2015இல் தெரிந்தது. செல்போன் கோபுரமும் செயற்கைக்கோளும் பெருகப் பெருக இந்தக் களையெடுப்பே பெரும்பாடாகிவிட்டது.

தொலைவைவிடக் காலம் பெரிய தடை. ஒரு நாகரிகம் எத்தனை காலம் அலை அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதை டிரேக் 1961இல் எழுதிய சமன்பாட்டின் கடைசி உறுப்பாக வைத்தார். இன்றும் யாராலும் நிரப்ப முடியாத உறுப்பு அது. நம் வானொலியின் காலம் எவ்வளவு சிறியது என்பதை ஓர் ஊரை வைத்து அளந்து பார்க்கலாம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் திரளும் ஊரில், சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. அந்த 2 கோடி ஆண்டுகளை ஒரே நாளாகச் சுருக்கினால், மனிதரின் வானொலிக்கு வயது அரை விநாடிக்குச் சற்று அதிகம். மீதி நேரமெல்லாம் எத்தனை அலை வந்து போயிருந்தாலும் கேட்க இங்கே காது இல்லை.

மனிதர் அனுப்பிய செய்தியும் இதே கணக்கில்தான் போகிறது. 1974 நவம்பரில் அரெசிபோ தொலைநோக்கி 1,679 பிட்டுகள் கொண்ட செய்தியை, சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பியது. இதுவரை கடந்தது வழியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அனுப்பிய அரெசிபோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது.