மக்கா வழிவிட்டது; வாசற்படி மறிக்கிறது!

உடன்குடியிலே கருப்பட்டிக் கடை நடத்தும் ஓர் இசுலாமியப் பெரியவர். கால் நடவாது, சக்கர நாற்காலியே துணை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஹஜ்ஜுக்குச் செல்ல விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "உமக்கேன் ஐயா இந்த ஆசை?" என்று கேட்க எவருக்கு உரிமை உண்டு?

கேட்டார்கள்! வீதியிலே போகிறவர்கள் அல்ல, விதி எழுதுகிறவர்கள். 2018-22ஆம் ஆண்டுகளுக்கான ஹஜ் விதிகளில், காலிழந்தோரும் ஊனமுற்றோரும் விண்ணப்பிக்கலாகாது என்று எழுதினர். 2018இல் டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது டில்லி சர்க்கார் காட்டிய காரணம் என்ன? அங்கே போய்ப் பிச்சையெடுக்கிறார்களாம்! காலில்லாதவன் கையேந்துவான் என்பதுதானே இதன் பொருள்? கண்டனம் எழுந்தது, பிறகே தடை நீங்கிற்று.

பகுத்தறிவு பேசுவோருக்கு ஹஜ்ஜைப் பற்றி ஏன் கவலை என்பர் சிலர். போவதும் போகாததும் அவரவர் நம்பிக்கை; உடலைக் காட்டி ஒருவரைத் தடுப்பதோ சுயமரியாதைப் பிரச்சினை. பிறப்பைக் காட்டி 'இந்த வீதியில் நடவாதே' என்றபோது, 1924இல் வைக்கம் சென்று போராடினார் பெரியார். அவர் வழி வந்த நாம் வாய்மூடி இருக்கலாமா?

மார்க்கம் தடுக்கிறதா? இல்லை! வசதியும் வலிமையும் உள்ளோர்க்கே ஹஜ் கடமை. இயலாதார் தமக்குப் பதிலாக மற்றொருவரை அனுப்பவும் இடமுண்டு. நபிகள் நாயகமே ஒட்டகத்தின்மீது அமர்ந்து கஅபாவை வலம் வந்தார். உடல்நலம் குன்றிய துணைவியார் உம்மு சலமாவையும் வாகனத்தில் அமர்ந்தே வலம்வரச் சொன்னார். அன்று ஒட்டகம், இன்று சக்கர நாற்காலி! சபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை செல்லும் கூடத்திலே, நாற்காலிக்கெனத் தனிப்பாதையே உண்டு.

மக்காவிலே பாதை இருக்கிறது. நம் ஊரிலே?

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை அகற்றி, 'மாற்றுத்திறனாளிகள்' என்ற மதிப்புமிகு சொல்லைத் தந்தவர் கலைஞர். 2010இல் தனித்துறையும் கண்டார். பொதுக் கட்டடங்களில் தடையற்ற வழி வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். சொல் மாறியது, சட்டம் வந்தது, படிக்கட்டு மாறிற்றா? இந்தக் கேள்வியை எதிரியிடம் மட்டுமல்ல, நம்மிடமும் கேட்போம்.

உடன்குடிக்கு அருகே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினர். விண்ணுக்கு ஏற வழிகாணும் நாட்டில், மூன்று படி ஏற ஒருவர் இருவர் தோளை நாடுவதா?

ரேஷன் கடை, மருத்துவமனை, பேரூராட்சி அலுவலகம், பள்ளிவாசல், கோயில்: ஒவ்வொரு வாசலையும் பாருங்கள். சாய்தளம் இல்லையா? கேளுங்கள். கருணை வேண்டியல்ல, உரிமையோடு கேளுங்கள்!