பாம்புக்கு ரூம்மேட் வேணுமா பாஸ்?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் ஏரியாவுல தங்கியிருக்கிறவங்களுக்கு ரூம் ஷேரிங் பத்தி யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். டே ஷிஃப்ட் ஆள் கிளம்பினா, நைட் ஷிஃப்ட் ஆள் வந்து அதே பாயில படுப்பார். காலேஜ் பசங்க ரூமும் அப்படித்தான்.

அதே நியாயத்தைப் பாம்புக்கும் பேசுறாங்க சில ஃப்ரெண்ட்ஸ். "ஒத்தையா வளர்த்தா போரடிக்கும் மச்சி! ஒரே கண்ணாடித் தொட்டியில ஜோடியா விட்டுடலாம்!"

கொஞ்சம் பொறுங்க.

டூயட் இல்லை, குஸ்தி!

சிப்காட் மதிலைத் தாண்டினா ஏரிக்கரை, முள்புதர். அங்கே ரெண்டு பாம்பு பின்னிப் பிணைஞ்சு எழும்பி நின்னா, "நாகமும் சாரையும் சேருது"ன்னு ஊரே கூடிடும். சில ஊர்ல புது வேட்டியைக்கூட மேலே போட்டு எடுத்து வச்சுக்குவாங்க. ஆனா, பொதுவா அது ரெண்டும் சாரைதான். அதுவும் ரெண்டுமே ஆம்பளை! இனப்பெருக்க சீசன்ல யார் பெரிய ஆளுன்னு நடக்குற பலப்பரீட்சை அது. தோத்த பாம்பு சத்தமில்லாம புதருக்குள்ள போயிடும்.

தொட்டிக்குள்ள தோத்த பாம்பு எங்கே போகும்? சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

சூடு: பாம்பு தன் உடம்புச் சூட்டை வெளியில இருந்துதான் வாங்கணும். தொட்டியில கதகதப்பான மூலை ஒண்ணுதான்னா, பெருசு அதைப் பிடிச்சுக்கும். ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கிறதைப் பார்த்து, "என்னா பாசம்!"னு நாம உருகுவோம். பல நேரம் அது இடத்துக்கான போட்டி.

சாப்பாடு: ஒரே எலியை ரெண்டும் ரெண்டு முனையில கவ்வினா, நடுவுல வாயும் வாயும் முட்டும். விழுங்க ஆரம்பிச்ச பாம்பு சுலபத்துல நிறுத்தாது. எலியோட சேர்த்து ரூம்மேட்டும் உள்ளே போயிடலாம். நம்ம ராஜநாகத்துக்கு மெனுவே மத்த பாம்புகள்தான்!

நோய்: ஒண்ணுக்கு ரத்தம் குடிக்கிற பொடி உண்ணி வந்தா, அடுத்ததுக்கும் வந்துடும். இரையை வாந்தி எடுத்தது யாருன்னுகூட கண்டுபிடிக்க முடியாது.

அப்போ பாம்புக்கு நட்பே கிடையாதா?

இருக்கு! கனடா விஞ்ஞானிகள் 2020-ல கார்ட்டர் வகைப் பாம்புகளை ஆராய்ஞ்சாங்க. அதுங்க யார்கூட ஒட்டிக்கிறதுன்னு தேர்ந்தெடுத்தே பழகுதாம். 2024-ல வந்த ஆய்வுல பால் பைத்தான் குட்டிகளும் ஒரே மறைவிடத்துல சேர்ந்து சுருண்டுக்கிறதைப் பார்த்தாங்க. 'பாம்புன்னா தனிக்கட்டை'ங்கிற பழைய முடிவு கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கு. ஆனாலும் எலிச் சண்டையும் உண்ணியும் அதனால மறைஞ்சிடாதே! வளர்க்கிறவங்களுக்குப் பாதுகாப்பான வழி, ஆளுக்கொரு தொட்டிதான்.

முதல்ல சட்டம்!

நாகம், சாரை, மலைப்பாம்புன்னு நம்ம ஊர்ப் பாம்புகளைப் பிடிச்சு வீட்டுல வளர்த்தா, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் மாதிரி, சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கிற வெளிநாட்டு இனம்னா, 2024 விதிகள்படி வனத்துறையில பதிவு செய்யணும்.

'எங்கே இருந்து வந்துச்சு?'ன்னும் கேளுங்க. 2023 ஏப்ரல்ல சென்னை ஏர்போர்ட்ல ஒரே பயணியோட பெட்டிகள்ல 22 பாம்பு சிக்குச்சு. அதே ஜூலையில திருச்சியில 47 மலைப்பாம்பு! ரெண்டு பேருமே கோலாலம்பூர்ல இருந்து வந்தவங்க. அடைச்சு வச்ச கொடுமை கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே தொடங்கிடுது.

ஆசையா? நேர்ல பாருங்க!

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில 1978-ல தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு. அரசு அனுமதியோட பாம்பு பிடிச்சு, மண்பானையில வச்சு, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்து, சில வாரத்துல திரும்பக் காட்டுலயே விட்டுடுறாங்க. இந்த இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023-ல பத்மஸ்ரீ கிடைச்சது. பாம்பை அவங்க அளவுக்குத் தெரிஞ்சவங்களே திருப்பி விடுறாங்கன்னா, நாம எதுக்குப் பாஸ் தொட்டி வாங்கணும்?

ரூமுக்குள்ளயே பாம்பு வந்துட்டா அடிக்காதீங்க, பிடிக்கவும் போகாதீங்க. தள்ளி நின்னு தீயணைப்புத் துறைக்கு 101 அடிங்க. அந்தப் பாம்பு ரூம்மேட் தேடி வரலை, எலி தேடி வந்திருக்கும். ரூமைக் கூட்டிப் பெருக்குற வேலை மட்டும் உங்களோடது!