முகத்தில் விழுந்த உளிவெட்டு

புதுக்கோட்டைப் பகுதியில் 1898ஆம் ஆண்டு கிடைத்த புதையல் ஒன்றில் 501 உரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுள் பத்தில் ஒன்பதிற்கும் மேற்பட்டவற்றில், பேரரசரின் முகத்தின் மீது உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. அதே முகத்திற்கு உரோமில் இருந்த மதிப்பை அறிந்தால்தான் இவ்வெட்டின் வியப்புப் புலப்படும். அகஸ்டசின் உருவம் பொறித்த காசையோ மோதிரத்தையோ கழிப்பறைக்குள் கொண்டு சென்றதும் டைபீரியசின் காலத்தில் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று என்று உரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார்.

சீசர் இறந்தபின் தெய்வமாக அறிவிக்கப்பட்டார். அவருடைய வளர்ப்பு மகனான அகஸ்டஸ், ‘தெய்வமானவரின் மகன்’ என்று தம்மைக் காசுகளில் குறித்துக்கொண்டார். காசின் மறுபுறம் தெய்வங்களின் உலகம். டைபீரியசின் காசில் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளை அமைதித் தெய்வம் என்பாரும், அத்தெய்வக் கோலத்தில் அமர்ந்த பேரரசரின் தாய் லிவியா என்பாரும் உளர். கிளாடியசின் காசில் சிறகுடைய தெய்வமகள் ஒருத்தி தன் கோலால் பாம்பைச் சுட்டி நிற்கிறாள். நீரோவின் காசில் இடிப்படையுடன் வீற்றிருப்பவர் ஜூபிடர். வச்சிரம் ஏந்திய இந்திரனை அறிந்த தமிழருக்கு அவ்வுருவம் முற்றிலும் அயலாகத் தோன்றியிராது.

யவனர் பொன் கொணர்ந்து முசிறியிலிருந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. இங்கு அப்பொன் எடைக்கே மதிக்கப்பட்டது. சில காசுகள் துளையிடப்பட்டு அணிகலன்களாயின. காசுமாலை அணியும் நாட்டில் இது புதுமையன்று.

அவ்வாறாயின், உளிவெட்டு எதற்கு? பொன்னின் தரத்தைச் சோதிக்கவே வெட்டினர் என்பது ஒரு கருத்து. சோதனைக்கு எந்த இடமும் போதும். முகத்தையே தேடி வெட்ட வேண்டியதில்லை. ஆகவே, அயல்நாட்டு அரசரின் ஆணைக்கு இங்கு இடமில்லை என்று காட்டி, அவற்றைப் பணமாக வழங்காதபடி செய்தனர் என்னும் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது.

எனினும், அம்முகத்தை ஒரு சேர மன்னர் விரும்பியும் இருக்கிறார். கரூர் ஆற்றுப்படுகையில் கிடைத்த வெள்ளிக்காசில் உரோமானியப் பாணியில் ஒரு தலை. அதன்மேல் ‘மாக்கோதை’ என்னும் பெயர், தமிழ் பிராமி எழுத்தில். ஜூபிடரோ சிறகுடைய தெய்வமகளோ அக்காசில் இல்லை.