புலியைக் குத்திய வீரன்! கொங்கு நாட்டுக் கற்கள் சொல்லும் கதை

கொங்கு நாட்டில் ஏரிக்கரையிலோ, வேப்ப மரத்தடியிலோ, தோட்டத்து வேலி ஓரத்திலோ ஒரு பலகைக் கல் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதில் ஓர் ஆள் உருவம் இருக்கும். எதிரே ஒரு புலி பின்னங்காலில் எழுந்து நிற்கும். அந்த ஆள் தன் ஈட்டியைப் புலியின் உடலில் பாய்ச்சிக்கொண்டிருப்பான்.

ஊரார் அதற்கு எண்ணெய் தடவுவார்கள். மஞ்சள் பூசுவார்கள். பொங்கல் வைப்பார்கள். சில ஊர்களில் "வேட்டைக்காரசாமி" என்று கும்பிடுவார்கள்.

ஆனால் அந்தக் கல் முதலில் சாமி சிலையாகச் செய்யப்பட்டதல்ல. அதே மண்ணில் பிறந்து, ஊருக்காக உயிரைவிட்ட ஒரு மனிதனின் ஞாபகக் கல் அது. அதற்குப் பெயர் நடுகல். புலியோடு போராடி இறந்தவனுக்கு நட்ட கல்லைப் "புலிகுத்திக் கல்" என்பார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இத்தகைய கற்கள் பல உண்டு.

ஏன் புலி?

கொங்கு நாடு மலைகள் சூழ்ந்த நாடு. தெற்கே ஆனைமலை. வடக்கே நீலகிரியும் சத்தியமங்கலம் மலைகளும். முற்காலத்தில் காடு ஊருக்கு மிக அருகில் இருந்தது. மக்களின் பெரிய செல்வம் மாடுதான். உழவுக்கும் மாடு, பாலுக்கும் மாடு, வண்டிக்கும் மாடு.

அந்த மாட்டைக் கொல்ல இரண்டு எதிரிகள் வந்தார்கள் என்று சொல்லலாம். ஒன்று புலி. மற்றொன்று மாடு திருட வரும் வேற்றூர்ப் படை. பழங்காலத்தில் சண்டையே மாடு பிடிப்பதில்தான் தொடங்கியது. மாட்டைக் கவர்ந்து செல்பவர்கள் வெட்சிப் பூ சூடினார்கள். அதை மீட்கப் போனவர்கள் கரந்தைப் பூ சூடினார்கள். இந்தச் சண்டையில் விழுந்தவனுக்கும் கல் உண்டு. புலியிடம் விழுந்தவனுக்கும் கல் உண்டு. இருவரையும் ஊர் சமமாகவே மதித்தது.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு சில நடுகற்கள் கிடைத்தன. அவற்றில் மிகப் பழைய தமிழ் எழுத்து இருந்தது. மாடு பிடி சண்டையில் இறந்தவனைப் பற்றிய கல்லும் அவற்றில் ஒன்று. அவை 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்.

கல் நட்ட விதம்

கண்ட கல்லை எடுத்து நட்டுவிட மாட்டார்கள். அதற்கு ஆறு படிகள் உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. முதலில் தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதைக் கொண்டுவர நாள் பார்த்துத் தொடங்குவது கால்கோள். கல்லை நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல். அடுத்து படையல் இட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. கடைசியில் வாழ்த்து.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இறந்தவனைக் குளிப்பாட்டிச் சடங்கு செய்வதுபோல், கல்லையும் குளிப்பாட்டுகிறார்கள். கல்லே அவன் உடலாகிவிடுகிறது. போனவன் மறுபடி ஊருக்குள் வந்து நிற்கிறான்.

உருவத்தின் பொருள்

படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி சிற்பி கதையைச் செதுக்கினான். வீரன் மார்பிலும் காலிலும் அம்பு தைத்திருந்தால், அவன் அம்பு பட்டு இறந்தான் என்று பொருள். பக்கத்தில் மாடுகள் இருந்தால், மாட்டை மீட்கப் போய் மாண்டான் என்று பொருள். மேலே சூரியனும் சந்திரனும் இருந்தால், அவை உள்ளவரை இவன் புகழ் நிற்கும் என்று பொருள்.

சில கற்களில் மூன்று அடுக்குகள் இருக்கும். கீழ் அடுக்கில் சண்டை நடக்கும். நடு அடுக்கில் தேவலோகப் பெண்கள் வீரனை அழைத்துச் செல்வார்கள். மேல் அடுக்கில் அவன் சிவலிங்கத்தின் அருகே அமர்ந்திருப்பான். கீழே பார்த்தால் துக்கம். மேலே பார்த்தால் ஆறுதல். பெற்றவளும் கட்டியவளும் அழுத கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்த மேல் அடுக்கு உதவியிருக்கும்.

வளையல் அணிந்த கை

வேறொரு வகைக் கல்லும் உண்டு. அதில் மேல்நோக்கிய ஒரு கை. அந்தக் கை நிறைய வளையல்கள். கணவன் இறந்ததும் தீயில் விழுந்த பெண்ணுக்கு நட்ட சதிக்கல் அது. வளையல் உடையவில்லை, அவள் சுமங்கலியாகவே போனாள் என்பது அதன் அடையாளம்.

கல் அவளைத் தெய்வமாக்கியது. ஆனால் சண்டை ஒரு வீட்டில் இரண்டு உயிர்களை வாங்கியது என்பதையும் அதே கல் சொல்கிறது. இந்தக் கொடிய வழக்கம் வங்காளத்தில் 1829லும், சென்னை ராஜதானியில் 1830லும் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

நாய்க்கும் ஒரு கல்!

அரசனுக்கும் தளபதிக்கும் மட்டும் கல் வைக்கவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். எசமான் விழுந்த பிறகும் அது ஓடவில்லை; கள்ளர்களைக் கடித்து நின்றது. அந்த நன்றியைக் கல்லில் எழுதி வைத்தார்கள்.

சேலம் மாவட்டம் கருமந்துறையில் கிடைத்த கல்லில் ஒருவன் காளையோடு காணப்படுகிறான். எருது விளையாட்டில் இறந்த சங்கன் என்பவன் அவன். அவனுக்குக் கல் நட்டவன் அவன் மகன். தகப்பனை இழந்த ஒரு பிள்ளையின் கடமை இன்றும் நம் கண் முன் நிற்கிறது.

கல்லும் மண்ணும்

ஞாபகத்துக்கு ஏன் கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள்? மரம் கறையான் அரிக்கும். இரும்பு துருப்பிடிக்கும். செம்பையும் வெண்கலத்தையும் உருக்கி வேறு பொருள் செய்துவிடலாம். கருங்கல்லை மழையும் வெயிலும் எளிதில் தின்ன முடியாது. திருடிக்கொண்டு போவதும் கடினம்.

ஆனால் மண்ணுக்கும் ஒரு சிறப்பு உண்டு. ஐயனார் கோயில்களில் சுட்ட மண் குதிரைகள் நிற்கின்றன. அவை உடையும். உடைந்தால் குயவர் மறுபடி செய்து வைப்பார். கல் தானாக நின்று ஞாபகமூட்டுகிறது. மண்ணோ, மனிதர் மறவாமல் திரும்பத் திரும்பச் செய்தால்தான் நிற்கும். பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் கதையும் அப்படித்தான். கொங்கு மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடியே காத்து வருகிறார்கள்.

வெளிநாட்டில் இரு சிற்பங்கள்

கேத்தே கோல்விட்ஸ் என்பவர் ஜெர்மனி நாட்டுச் சிற்பி. முதல் உலகப் போரில், 1914இல், அவருடைய மகன் பீட்டர் பதினெட்டு வயதில் கொல்லப்பட்டான். அந்தத் தாய் பல ஆண்டுகள் உழைத்து ஒரு சிற்பம் செய்தார். 1932இல் அது பெல்ஜியத்தில் போர் வீரர்களின் கல்லறை நிலத்தில் வைக்கப்பட்டது. அதில் வாளும் இல்லை, வீரனும் இல்லை. ஒரு தகப்பனும் தாயும் மண்டியிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்!

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் 1982இல் ஒரு கருங்கல் சுவர் எழுந்தது. வியட்நாம் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கண்ணாடிபோல் மெருகிட்ட கல் அது. பெயரைப் படிப்பவர் தம் முகத்தையும் அதிலேயே பார்க்கலாம். அந்தக் கல் போனது நம் அண்டை ஊரான பெங்களூரிலிருந்து!

காப்பது யார் கடமை?

நடுகற்கள் பல இன்று ஆபத்தில் இருக்கின்றன. சாலை போடும்போது சில புதைந்துவிடுகின்றன. சில துணி துவைக்கும் கல்லாகின்றன. பக்தியால் பூசும் சுண்ணாம்பும், வண்ணமும், சிமெண்டும்கூட எழுத்தை மறைத்துவிடுகின்றன. எழுத்து அழிந்தால் பெயர் அழியும்.

தருமபுரியில் நடுகற்களைத் திரட்டிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். சொந்த ஊரில் இப்படிக் கல் இருந்தால் அதன் மேல் வண்ணம் பூச வேண்டாம். இடம் மாற்ற வேண்டாம். தொல்லியல் துறைக்கோ, அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ ஒரு கடிதம் எழுதினால் போதும். எண்ணெயும் பூவும் வைத்துக் கும்பிடும் பாட்டியிடம் அந்தக் கல்லின் கதையைக் கேட்டு எழுதி வைப்பதும் நல்லது. கல்லில் இல்லாத பெயர் ஒருவேளை அவர் நினைவில் இருக்கலாம்.