பெட்டிக்குப் பொறுப்பு யார்?
காரைக்காலை அடுத்த வாஞ்சூர் துறைமுகத்தில் 2009 முதல் கப்பல்கள் வந்துபோகின்றன. நிலக்கரி அங்கே முக்கியச் சரக்கு. நிலக்கரி வெட்டும் நம் நாட்டுச் சுரங்கங்களுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே சொன்னது: முதலுதவிப் பெட்டி இருந்தால் மட்டும் போதாது, பயிற்சி பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுவதும் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும், 150 பேருக்கு மேல் வேலை செய்தால் தனி முதலுதவி அறையும் வேண்டும். கரியை இறக்கும் இடத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும் என்பதுதான் நியாயம். 108-ஐ அழைத்தால் வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் பெரிய ரத்தக்குழாய் அறுந்தவருக்குச் சில நிமிடங்களே தவணை. அதுவரை அவரைக் காப்பது, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்கும் சக தொழிலாளியின் கைதான். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று.