ஃப்ளெக்ஸ்ல உங்க பட்டப்பேர் இருக்கா?

ஸ்கூல்ல உங்களை வறுத்தெடுத்த அதே ஆள்கிட்டேருந்து, பத்து வருஷம் கழிச்சு கல்யாண பார்ட்டிக்கு அழைப்பு வந்தா போவீங்களா?

ரூத் வேர் எழுதின 'இன் எ டார்க், டார்க் வுட்' (2015) நாவல்ல நோரா போறா. கல்யாணப் பொண்ணு க்ளேர், பேச்சுவார்த்தையே விட்டுப்போன பள்ளித் தோழி. பார்ட்டி நடக்குறது இங்கிலாந்துல, நார்தம்பர்லேண்ட் காட்டுக்குள்ள ஒரு கண்ணாடி வீட்டுல. சுவர்ல துப்பாக்கி, வெளியே பனி, செல்லுக்கு சிக்னல் இல்லை. அப்புறம் நோரா கண் முழிக்கிறது ஆஸ்பத்திரியில, வாசல்ல போலீஸ். மாப்பிள்ளை யாருன்னு மட்டும் கேட்காதீங்க பாஸ், சொன்னா அடிக்க வருவீங்க!

எனக்குத் திக்னு இருந்தது ரத்தம் இல்லை, பேர்தான். அவ 'நோரா'வா மாறி எவ்வளவோ நாளாச்சு. பழைய கும்பலுக்கு இன்னும் 'லீ'. நம்ம புதுக்கோட்டை கல்யாண ஃப்ளெக்ஸ்ல பட்டப்பேரோட நண்பர்கள் படம் போடுவாங்களே... அதைப் பார்த்து சிரிக்காத முகம் ஒண்ணு, அதே ஃப்ளெக்ஸ்லயே இருக்கும்.

வடகாடு, கீரமங்கலம் மொய் விருந்து தெரியும்ல? வாங்கினவர் நோட்டுல எழுதி வெச்சு, பின்னாடி திருப்பிச் செய்வார். கிண்டலும் அப்படித்தான், செஞ்சவன் மறந்துடுவான், நோட்டு வாங்கினவன்கிட்ட இருக்கும். தமிழ்நாட்டின் 1997 ராகிங் தடைச் சட்டமும் கேலியைக் குற்றத்துல சேர்த்திருக்கு. 2 வருஷம் வரை ஜெயில்!

நாவலோட ஆரம்பம் கொஞ்சம் ஜவ்வு. பொறுத்துக்கங்க. லீவுல காலியான ஹாஸ்டல்ல தனியா உட்கார்ந்து மட்டும் படிக்காதீங்க.